ஒரே பொருளா, ஒத்த பொருளா?

சமய ஒப்பாய்வு மேடைகளில் அடிக்கடி ஒலிக்கும் கூற்றொன்று உண்டு. கி.பி. 325ஆம் ஆண்டில் நைசியா என்னும் நகரில் உரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் ஆயர்களைக் கூட்டினான், அவர்கள் வாக்களித்தனர், அதுவரை மனிதராக மட்டுமே மதிக்கப்பட்டு வந்த இயேசு அன்று கடவுளாக்கப்பட்டார் என்பதே அக்கூற்று. ஒலிநாடாக்கள் வழியாகவும் சிறு வெளியீடுகள் வழியாகவும் பரவிய இது, இன்று கைப்பேசிகளில் இன்னும் விரைவாகப் பரவுகின்றது. சொல்வதற்கு எளிது, கைதட்டல் பெறுவதற்கும் ஏற்றது. ஆயின் வரலாறு இதற்கு இடந்தரவில்லை. நைசியாவில் நடந்தது வேறு. அங்கு எழுந்த வினா வேறு. அவ்வினாவைச் சரியாக அறிந்துகொள்ளாமல் கிறித்தவரோடு இறைமை குறித்து உரையாடப் புகுவது, எதிரி நில்லாத களத்தில் வாள் வீசுவது போன்றதே.

தமிழ்த்துறை மலரில் கிறித்தவ இறையியலுக்கு என்ன இடம் என்று வினவுவோர் இருக்கலாம். வழக்கு முழுவதும் ஒரு சொல்லைச் சுற்றியே நடந்தது என்பதே விடை. மறைநூலில் இல்லாத ஒரு சொல்லை அம்மறையின் கொள்கையை விளக்கக் கையாளலாமா, அச்சொல்லுக்கு எப்பொருள் கொள்வது, ஒரு மொழியில் பொருந்தி நிற்பது மற்றொரு மொழியில் ஏன் பிறழ்கிறது என்னும் வினாக்கள், உரையாசிரியர்களைப் பயில்வோர்க்கு அயலானவை அல்ல. மேலும், நம் வகுப்பறைகளில் முஸ்லிம் மாணவரோடு இந்து, கிறித்தவ மாணவரும் அருகருகே அமர்ந்து பயில்கின்றனர். ஒருவர் நம்பிக்கையை ஏற்பதும் மறுப்பதும் ஒன்று. அதை அவர் கொண்டுள்ளவாறே அறிந்து பேசுவது மற்றொன்று. பின்னதில் தவறியவர் முன்னதில் வெற்றி கண்டதாக எண்ணுதல் மயக்கமேயாம்.

வழக்குத் தொடங்கிய இடம் எகிப்தின் அலெக்சாந்திரியா; காலம் 318ஐ ஒட்டியது. அந்நகரின் ஆயர் அலெக்சாந்தர். அவருக்குக் கீழ் ஒரு கோயிலைப் பொறுப்பேற்று நடத்திய மூத்த குரு ஏரியஸ். (இவர் பெயரை ‘ஆரியஸ்’ என்றும், இவரைப் பின்பற்றியோரை ‘ஆரியர்’ என்றும் எழுதுவாருளர், தமிழகத்தில் அச்சொல் வேறொரு வழக்கைக் கிளப்பிவிடும் ஆதலின் ஈண்டுத் தவிர்க்கப்படுகின்றது.) ஏரியஸ் துறவு வாழ்வினர், சொல்வன்மை மிக்கவர், மாலுமிகளும் மாவரைப்போரும் வழிப்போக்கரும் பாடத்தக்க பாடல்களில் தம் கொள்கையை அமைத்தார் என்று பழைய வரலாற்றாசிரியர் பிலோஸ்டோர்ஜியஸ் கூறுகின்றார். இறையியலை இசையில் ஏற்றிக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்த இவர் திறம் எண்ணத்தக்கது.

ஏரியஸின் வாதம் இதுதான். கடவுள் ஒருவரே, அவர் பிறவாதவர், தொடக்கமற்றவர். மகன் என்று அழைக்கப்படுபவர் பிறந்தவர் எனின் அவர்க்கு ஒரு தொடக்கம் உண்டு; தொடக்கம் உண்டெனின் அவர் இல்லாதிருந்த ஒரு நிலையும் உண்டு; ஆகவே மகன் படைக்கப்பட்டவரே. இதற்கு அவர் காட்டிய மறைச்சான்றுகளும் வலியனவே. ஞானத்தை ஆண்டவர் தம் செயல்களின் தொடக்கமாகப் படைத்தார் என்று கிரேக்க மொழிபெயர்ப்பில் வரும் நீதிமொழிகள் 8ஆம் இயலின் பகுதி. தந்தை தம்மினும் பெரியவர் என்று இயேசுவே கூறும் யோவான் நற்செய்தியின் 14ஆம் இயல். தம்மை நல்லவர் என்று விளித்தவனிடம் கடவுள் ஒருவரே நல்லவர் என்று அவர் மறுமொழி கூறும் மாற்கு நற்செய்தியின் 10ஆம் இயல் முதலியவை ஏரியஸின் தரப்பில் எடுத்தாளப்பட்டன.

இவ்வளவில் நிறுத்தி, ஏரியஸ் ஓரிறைக் கொள்கையின் காவலர், எதிர்த்தரப்பினர் அதைக் கைவிட்டவர் என்று தீர்ப்பெழுதிவிடுவதே பலர் வழக்கம். அங்குதான் தடுமாற்றம் தொடங்குகின்றது. ஏரியஸ் கூறிய மகன் வெறும் மனிதர் அல்லர். உலகம் தோன்றுமுன்பே படைக்கப்பட்டவர். உலகத்தையே படைக்கக் கருவியாக இருந்தவர். காலங்கள் உண்டாகுமுன் உண்டானவர். பிற படைப்புகளைப் போன்றவர் அல்லாத தனிப்படைப்பு. அவரை வணங்கலாம், அவரிடம் வேண்டலாம், ‘கடவுள்’ என்னும் பெயராலும் அழைக்கலாம் என்றே ஏரியஸும் அவர் நண்பர்களும் கொண்டனர். ஈசா நபி (அலை) இறைவனின் அடியார், தூதர் என்று கூறும் இஸ்லாமிய நிலைக்கும் இதற்கும் உள்ள தொலைவு, எதிர்த்தரப்புக்கும் அதற்கும் உள்ள தொலைவினும் குறைந்ததன்று. ஏரியஸைத் தம் பக்கத்துச் சான்றாக மேடையேற்றுவோர் அவர் கொள்கையின் முற்பாதியை மட்டுமே படித்தவராவர்.

எதிர்த்தரப்பில் நின்றவர் ஆயர் அலெக்சாந்தர். அவர்க்குத் துணையாக நின்ற இளம் திருத்தொண்டர், பின்னாளில் அவ்விடத்திலேயே ஆயரான அத்தனாசியஸ். இவர் வாதம் நம்மவர் பலர் எதிர்பாராதது. படைத்தவனை விட்டுப் படைப்பை வணங்குவது சிலை வணக்கம் அன்றோ? மகன் ஒரு படைப்பு என்கிறீர். அதே வேளையில் அவரை வணங்குகிறீர். அப்படியானால் உங்களுக்கும் பல தெய்வங்களை வணங்கும் கிரேக்கர்க்கும் வேறுபாடு என்ன? பெரிய கடவுள் ஒருவர், சிறிய கடவுள் ஒருவர் என்று இரண்டாக்கியவர் நீங்களே. வணங்கத்தக்கவர் ஒருவரே எனில், வணங்கப்பெறும் மகன் அவ்வொருவரின் இறைமையிலிருந்து பிரிக்கப்படாதவராகவே இருத்தல் வேண்டும். இதுவே அத்தனாசியஸ் மீண்டும் மீண்டும் எழுப்பிய வினா. இறைவனுக்கு இணைவைத்தல் என்னும் குற்றத்தை ஏரியஸின் மீது சுமத்தியவர் அத்தனாசியஸ் எனின் மிகையன்று.

ஆகவே, ஒருசாரார் இறைவன் ஒருவன் என்றும் மற்றொரு சாரார் பலர் என்றும் வாதிட்டனர் என்பது பொருந்தாது. இரு சாராரும் ஒருவன் என்றே கூறினர். அவ்வொருமையைக் காப்பதற்காகவே ஒருவரோடொருவர் பொருதனர். வணக்கத்தைக் கைவிட இருவருமே ஆயத்தமாக இல்லை. வணக்கத்தையும் வைத்துக்கொண்டு ஒருமையையும் காப்பது எவ்வாறு என்பதே வழக்கின் உள்முடிச்சு. ஏரியஸின் விடை எளிமையாகத் தோன்றும். நெருங்கிப் பார்ப்பின் முடிச்சை அது அவிழ்க்கவில்லை, நடுவில் அறுத்துவிட்டது. அத்தனாசியஸின் விடை கடினமானது. ஆனால் தம் மக்கள் நாள்தோறும் செய்துவந்த வழிபாட்டோடு பொருந்தி நின்றது. கிறித்தவ நம்பிக்கையின் உள்ளே நின்று நோக்கின் அத்தனாசியஸின் தருக்கமே வலிது என்பது என் கருத்து. வெளியே நிற்பவர்க்கு வணக்கம் என்னும் அந்த முதற்கோளே ஏற்புடையதன்று. அது வேறு வழக்கு, அதை அதற்குரிய இடத்தில் நேரே பேசலாம்.

அவ்வழிபாடு நைசியாவில் தோன்றியதன்று என்பதற்குக் கிறித்தவர் அல்லாதவர் ஒருவரின் சான்றே உண்டு. ஏறத்தாழ கி.பி. 112இல் உரோம ஆளுநர் பிளினி, பேரரசர் திராயனுக்கு எழுதிய கடிதத்தில், கிறித்தவர்கள் விடியுமுன் கூடிக் கிறித்துவைக் கடவுளாகப் பாவித்துப் பாடினர் என்று தாம் விசாரித்தறிந்ததைத் தெரிவிக்கின்றார். அவர் ஆண்ட மாநிலம் பித்தினியா. நைசியா அம்மாநிலத்து நகர்களுள் ஒன்று! நைசியாப் பேரவைக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் முன்னரே, அதே மண்ணில், அரசின் விசாரணையில் பதிவான செய்தி இது. தொடக்கக் காலத்தில் எல்லாரும் ஒரே கருத்தினர் என்பதும் இல்லை. இயேசுவை மனிதராகவே கொண்ட எபியோனியர் போன்ற யூதக் கிறித்தவக் குழுக்களும் இருந்தன. ஆயின் 325இல் மோதியவர்கள் அவர்கள் அல்லர்.

இனி அந்தச் சொல்லுக்கு வருவோம். ஹோமோஊசியோஸ் என்பது அது. ‘ஹோமோ’ என்றால் ஒரே. ‘ஊசியா’ என்றால் உள்பொருள். தந்தையும் மகனும் ஒரே பொருள் உடையர் என்பது கருத்து. இச்சொல் விவிலியத்தில் எங்கும் இல்லை. மேலும் 268இல் அந்தியோக்கியாவில் சமோசாத்தாப் பவுல் என்பாரைக் கண்டித்த அவை இதே சொல்லை மறுத்தது என்ற செய்தியும் பின்னர் எழுந்தது. மறைநூலில் இல்லாத சொல், ஒருமுறை மறுக்கப்பட்டதாகவும் கருதப்பட்ட சொல். இதைக் கொள்கை அறிக்கையில் சேர்த்ததற்குக் காரணம் ஒன்றே: மறைநூற் சொற்கள் எவற்றைக் கூறினும் ஏரியஸின் தரப்பினர் தமக்கேற்பப் பொருள் கூறி ஏற்றுக்கொண்டனர். அவர்களால் ஏற்க இயலாத சொல்லொன்று தேவைப்பட்டது.

‘ஊசியா’ என்னும் கிரேக்கச் சொல்லுக்கு இயல்பு வழக்கில் சொத்து, உடைமை என்றே பொருள். லூக்கா நற்செய்தியின் 15ஆம் இயலில், ஊதாரி மகன் தந்தையிடம் பிரித்துக் கேட்கும் சொத்துக்கு வரும் சொல்லும் இதுவே. நம் ‘பொருள்’ என்னும் சொல்லை இதனோடு ஒப்பிடுக. செல்வமும் பொருள்; உள்ளதாகிய மெய்யும் பொருள்; சொல்லின் கருத்தும் பொருள். தமிழ்க் கத்தோலிக்கர் தம் நம்பிக்கை அறிக்கையில் இந்த இடத்துக்குப் ‘பொருள்’ என்ற சொல்லையே தேர்ந்தது, தெரிந்தோ தெரியாமலோ, மூலத்தின் இரு பக்கங்களையும் பற்றிக்கொண்ட தேர்வாகும். கிரேக்கத்தின் மற்றொரு நுட்பமும் தமிழில் அப்படியே அமைகின்றது. ‘ஹோமோஊசியோஸ்’ என்பதன் நடுவே ஐயோட்டா என்னும் ஓரெழுத்தைச் சேர்த்தால் ‘ஹோமோயூசியோஸ்’ ஆகும். ஒரே பொருள் என்பது ஒத்த பொருள் என்றாகிவிடும். ஓரெழுத்துக்காக உலகம் சண்டையிட்டதே என்று எள்ளியோர் பலர். ஒரே வீட்டில் வாழ்கிறோம் என்பதற்கும் ஒத்த வீடுகளில் வாழ்கிறோம் என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அறிந்த தமிழர் அவ்வாறு எள்ளமாட்டார்.

பேரவையின் நடப்பைச் சுருங்கக் கூறலாம். 324இல் லிசினியுசை வென்று தனிப்பேரரசனான கான்ஸ்டன்டைனுக்கு வேண்டியது அமைதி. இருதரப்பாரையும் விளித்து அவன் எழுதிய முதற் கடிதம், இது அற்பமான சொற்போர், விட்டுவிடுங்கள் என்னும் போக்கில் அமைந்தது. பலிக்கவில்லை. பேரவையைக் கூட்டினான், அதன் செலவையும் அரசே ஏற்றது. மரபு கூறும் தொகை 318 ஆயர்கள். ஆபிரகாமின் வீட்டுப் பணியாளர் தொகையோடு பொருந்த வந்த எண் அது; ஆய்வாளர்கள் 200 முதல் 300 வரை என்பர். இறுதியில் கையொப்பமிட மறுத்தோர் லிபியாவைச் சேர்ந்த தியோனாஸ், செக்குந்துஸ் ஆகிய இருவரே. அவர்களும் ஏரியஸும் நாடுகடத்தப்பட்டனர். பின்னர் ஏரியஸின் நூல்கள் எரிக்கப்பட வேண்டும், மறைத்து வைப்போர்க்கு மரண தண்டனை என்றும் ஆணை பிறந்தது. கருத்துக்குக் கருத்தால் விடையிறுத்த அவை, அவ்விடத்தில் தன் விடையை அரசின் கையில் ஒப்படைத்தது. நைசியாவின் குறை எங்கே என்று கேட்பின், நான் சுட்டுவது இதையே; அந்தச் சொல்லை அன்று.

அரசின் கை எப்பக்கம் சாயுமோ அப்பக்கமே கொள்கையும் சாய்ந்தது என்பதை அடுத்த ஐம்பது ஆண்டுகள் காட்டின. அதே கான்ஸ்டன்டைன் சில ஆண்டுகளில் ஏரியஸின் நண்பர்களைத் திரும்ப அழைத்தான். 335இல் அத்தனாசியஸை நாடுகடத்தினான். 337இல் இறக்குந் தறுவாயில் அவன் திருமுழுக்குப் பெற்றது நிகொமேதியாவின் யூசேபியஸ் என்னும் ஏரியஸின் ஆதரவாளர் கையால். அவன் மகன் கான்ஸ்டான்சியஸ் காலத்தில், 359இல், இத்தாலியின் ரிமினி நகரில் 400க்கும் மேற்பட்ட ஆயர்கள் கூடினர். அவர்களுட் பெரும்பாலோர் முதலில் நைசியாவின் பக்கமே நின்றனர். அரச அதிகாரிகள் அவர்களை ஊர் திரும்ப விடாமல் நிறுத்திவைத்து, ‘ஊசியா’ என்ற சொல்லையே விலக்கிய அறிக்கையில் கையொப்பம் வாங்கினர். வாக்குத்தொகையே இயேசுவைக் கடவுளாக்கியது எனின், நைசியாவினும் மிகுந்த தொகை கூடிய ரிமினியன்றோ இன்று கிறித்தவரின் கொள்கையாக இருத்தல் வேண்டும்! மேடைப் பேச்சாளர்கள் 325ஐ மட்டும் நினைவில் வைத்து 359ஐ மறந்துவிடுகின்றனர். அத்தனாசியஸோ தம் 45 ஆண்டு ஆயர் பணியில் ஐந்து முறை வெளியேற்றப்பட்டு, ஏறத்தாழ 17 ஆண்டுகளைத் தம் நகருக்கு வெளியே கழித்தார். அவரும் மென்மையானவர் அல்லர். அவர் ஆட்களின் வன்முறை குறித்து அக்காலத்திலேயே முறையீடுகள் எழுந்தன.

இவற்றைப் படிக்கும் முஸ்லிம் வாசகர்க்கு இஸ்லாமிய வரலாற்றின் ஏடொன்று நினைவில் எழாமல் இராது. 833இல் அப்பாசிய கலீபா மஃமூன், குர்ஆன் படைக்கப்பட்டதே என்று காழிகளும் அறிஞர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும் என ஆணையிட்டார். இறைவனின் பேச்சு அவனோடு என்றுமுள்ளதா, படைக்கப்பட்டதா என்பது வினா. முஃதஸிலாக்கள் படைக்கப்பட்டது என்றனர். இல்லையேல் என்றுமுள்ளவை இரண்டாகி ஓரிறைமை குலையும் என்பது அவர்தம் அச்சம். இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் இணங்க மறுத்தார், சிறைப்பட்டார், அடுத்த கலீபா முஃதஸிம் காலத்தில் சாட்டையடியும் பட்டார். முதவக்கில் ஆட்சியில்தான் அவ்விசாரணை முடிவுற்றது. இரு வழக்குகளும் ஒன்றல்ல. இமாம் அவர்கள் எவரையும் இறைவனுக்கு இணையாக்கவில்லை. ஆயினும் இறைவனின் ‘வார்த்தை’ படைக்கப்பட்டதா அன்றா என்ற வினா ஓரிறைமையில் உறுதி கொண்டோரையே இரண்டாகப் பிரிக்க வல்லது என்பதையும், அரியணை அவ்வினாவில் தலையிட்டால் என்ன நேரும் என்பதையும் உணர இதனினும் நெருங்கிய சான்று வேண்டுவதில்லை. அந்த ஏட்டை அறிந்தவர், நைசியாவை வெறும் சூழ்ச்சி என்று ஒரு சொல்லில் தள்ளிவிட மனங்கொள்ளார்.

கான்ஸ்டாந்திநோபிள் நகரத் தெருக்களில் இவ்வழக்கு எப்படிப் புகுந்தது என்பதை, 381ஐ ஒட்டிய ஆண்டுகளில், நிசாவின் கிரகோரி சற்றே சலிப்போடு வருணிக்கின்றார். காசு மாற்றச் சென்றால் பிறந்தவர், பிறவாதவர் என்று விளக்கம் கிடைக்கிறதாம். ரொட்டியின் விலை கேட்டால் தந்தை பெரியவர், மகன் சிறியவர் என்று விடை வருகிறதாம். குளிக்க வெந்நீர் ஆயத்தமா என்றால் மகன் இன்மையிலிருந்து உண்டானவர் என்கிறார்களாம். இறையியல் மக்களிடம் சென்று சேர்ந்ததே என்று மகிழ்வதா, ரொட்டி விலை தெரியாமற் போயிற்றே என்று வருந்துவதா!

இவ்வரலாறு முழுவதிலும் நான் மிகவும் மதிக்கும் நிகழ்ச்சி நைசியா அன்று. 362இல் அலெக்சாந்திரியாவில் கூடிய சிறு கூட்டம். அதற்கு முந்தைய ஆண்டில் அரியணை ஏறிய யூலியன் கிறித்தவத்தைத் துறந்து பழைய தெய்வங்களிடம் திரும்பியவன். நாடுகடத்தப்பட்ட ஆயர்கள் அனைவரும் திரும்பலாம் என்று அறிவித்தான். அவர்கள் தமக்குள் அடித்துக்கொள்வர் என்பது அவன் கணக்கு என்று அவன் காலத்து வரலாற்றாசிரியர் அம்மியானுஸ் எழுதுகின்றார். கணக்கு ஓரளவு பிழைத்தது. அரசின் கை விலகிய அச்சிறு இடைவெளியில், அத்தனாசியஸ் தம் வாழ்விலேயே முதன்முறையாக வழக்காடுவதை விட்டுக் கேட்கத் தொடங்கினார்.

அந்தியோக்கியாவில் நைசியாவை ஏற்றவர்களே இரு பிரிவாகப் பிரிந்து கிடந்தனர். ஒரு பிரிவார் இறைமையில் மூன்று ‘ஹிப்போஸ்டாசிஸ்’ உண்டு என்றனர். மறு பிரிவார் ஒன்றே என்றனர். அச்சொல் அன்று இருபொருள் பட வழங்கியது. உள்பொருள் என்றும் கொள்ளலாம், தனித்து நிற்கும் ஒருவர் என்றும் கொள்ளலாம். நைசியா அறிக்கையின் இறுதிப் பகுதியே அதனை ஊசியாவுக்கு ஒருபொருட் கிளவியாகக் கையாண்டது. அத்தனாசியஸ் தலைமையில் கூடியோர் முதற் பிரிவாரிடம் கேட்டனர்: மூன்று என்று நீவிர் கூறுவது மூன்று கடவுளரையா? ஒன்றோடொன்று தொடர்பற்ற மூன்றையா? அவர்கள் இல்லை என்றனர்; தந்தை, மகன், தூய ஆவி என்பவை வெறும் பெயர்கள் அல்ல என்று காட்டவே அவ்வாறு கூறினோம் என்றனர். மறு பிரிவாரிடம் கேட்டனர்: ஒன்று என்று நீவிர் கூறுவது, ஒரே நடிகன் மூன்று வேடம் புனைவது போன்றதா? அவர்களும் இல்லை என்றனர். இறைமையின் உள்பொருள் ஒன்றே என்று காட்டவே கூறினோம் என்றனர். அவ்வளவுதான். இருவரும் ஒருவரையொருவர் ஏற்கலாம் என்று கடிதம் எழுதப்பட்டது. அந்தியோக்கியாவின் பிளவு அத்துடன் தீர்ந்துவிடவில்லை. வேறொருவரின் அவசரச் செயலால் மேலும் பல்லாண்டு நீண்டது. அத்தனாசியஸையும் யூலியன் அவ்வாண்டிலேயே மீண்டும் விரட்டினான். ஆயினும் பின்வந்த பசில், நிசாவின் கிரகோரி, நசியான்சுவின் கிரகோரி ஆகியோர் ஊசியா ஒன்று, ஹிப்போஸ்டாசிஸ் மூன்று என்று வகுத்த வாய்பாட்டுக்கும், 381இல் கான்ஸ்டாந்திநோபிளில் 150 ஆயர்கள் கூடிச் செய்த முடிவுக்கும் அந்த இரண்டு கேள்விகளே வழி திறந்தன.

மொழி மாறும்போது இடர் மீண்டும் தலைதூக்கியது. ஹிப்போஸ்டாசிஸ் என்பதை உறுப்புக்கு உறுப்பு இலத்தீனில் பெயர்த்தால் ‘சப்ஸ்டான்சியா’ வரும்; இலத்தீனார்க்கோ அது ஊசியாவின் பெயர். ஆகவே கிரேக்கர் மூன்று என்றபோது இலத்தீனார் செவியில் மூன்று கடவுளர் என்று விழுந்தது. இலத்தீனார் மூன்று ‘பெர்சோனா’ என்றபோது, நாடக முகமூடிக்கும் அப்பெயரே உரியதாதலின், கிரேக்கர் செவியில் மூன்று வேடம் என்று விழுந்தது. அரபு பேசிய கிறித்தவ அறிஞர்கள் ஊசியாவுக்கு ‘ஜவ்ஹர்’ என்றும், ஹிப்போஸ்டாசிசுக்குச் சிரியாக்கிலிருந்து ‘உக்னூம்’ என்றும் சொல் எடுத்தாண்டனர். இறைவனின் தன்மைகளைப் பற்றி முஸ்லிம் கலாம் அறிஞர்கள் வகுத்த சொற்களையும் தம் விளக்கத்துக்குத் துணைக்கொண்டனர். பாக்தாதில் 8ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் கலீபா மஹ்தியும் கிழக்குத் திருச்சபையின் தலைவர் திமொத்தேயுவும் அமர்ந்து உரையாடிய உரையாடல் இன்றும் கிடைக்கின்றது. கலீபா கேட்ட கேள்விகள் கூர்மையானவை. பெற்ற விடைகளை அவர் ஏற்றாரில்லை. ஆயினும் விடை கூற இடந்தந்தார்.

தமிழில் ‘மூன்று ஆட்கள்’ என்று சொல்லும் வழக்கம் கத்தோலிக்கரிடையே உண்டு. ‘ஆள்’ என்றவுடன் தமிழன் மனக்கண்ணில் வேட்டி கட்டிய மூவர் நிற்கின்றனர். கிரேக்கச் சொல்லின் நுட்பம் எதுவும் அங்கில்லை. தமிழ் முஸ்லிம் ஞானியர் தாத்து, சிபத்து என்ற அரபுச் சொற்களை அப்படியே வைத்துக்கொண்டது எவ்வளவு முன்யோசனை என்பது இவ்விடத்தில் விளங்கும். சைவ சித்தாந்திகளும் ‘அத்துவிதம்’ என்ற வடசொல்லை மாற்றாமல் வைத்து, இரண்டற்றது என்பதற்கு ஒன்றே என்று பொருளல்ல, ஒன்றாய் வேறாய் உடனாய் நிற்பது என்று உரை விரித்தனர். பெயர்க்கவொண்ணாச் சொல்லைப் பெயர்த்துவிட்டுப் பின்னர் அப்பெயர்ப்பின் மீது வழக்காடுதல், நிழலைப் பிடித்து நெடுநேரம் உதைப்பதாகும். கிறித்தவர் மூன்று கடவுளரை வணங்குகின்றனர் என்னும் குற்றச்சாட்டை எழுப்புவோர், ‘ஆள்’ என்ற சொல்லைக் கொண்டு எழுப்பாமல், அவர்கள் உண்மையில் கூறுவதைக் கொண்டு எழுப்பட்டும். எழுப்புதற்கு இடமில்லை என்று நான் கூறவில்லை. கிறித்தவ நண்பர்களும், இவ்வினாவைக் கேட்பவர் எல்லாம் பகைவர் என்று எண்ணவேண்டுவதில்லை. அவர்தம் வீட்டுக்குள்ளேயே கேட்கப்பட்ட வினாதான் இது.

கேட்டவர்கள் பட்ட பாடு சிறிதன்று. மருத்துவரும் அறிஞருமான மிகேல் செர்வெட்டஸ் திரித்துவத்தை மறுத்தமைக்காக 1553 அக்டோபர் 27 அன்று ஜெனீவாவில் எரிக்கப்பட்டார். எரித்தவர்கள் உரோமைச் சபையார் அல்லர், சீர்திருத்தச் சபையார். 1612இல் இங்கிலாந்தின் லிச்பீல்டில் எட்வர்ட் வைட்மன் எரிக்கப்பட்டார். சமய மறுப்புக்காக அந்நாட்டில் எரிக்கப்பட்டவர்களுள் இவரே இறுதியானவர். ஐசக் நியூட்டனும் திரித்துவத்தை ஏற்காதவரே. அவர் பணியாற்றிய இடமோ கேம்பிரிட்ஜின் திரித்துவக் கல்லூரி! வாய் திறந்திருந்தால் பதவி போயிருக்கும். எழுதி எழுதிப் பெட்டிக்குள் வைத்தார். யோவானின் முதல் திருமுகம் 5ஆம் இயலில் மூவர் ஒருவரே என்னும் கருத்துப்பட வந்த தொடர் மூலத்தில் இல்லாத இடைச்செருகல் என்று அவர் நிறுவியதை இன்றைய விவிலிய அறிஞர்கள் ஏற்கின்றனர். நம் மேடைகளில் அத்தொடரைப் பெருங்கண்டுபிடிப்பாகக் காட்டுவோர் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும்: நைசியாவின் வாதம் அத்தொடரின் மீது கட்டப்பட்டதன்று, தூணல்லாததைச் சாய்த்ததால் கூரை விழுந்துவிடாது.

நம் நாட்டிலும் இவ்வழக்கு நடந்தது. அரபியும் பாரசீகமும் கற்றுத் தேர்ந்த இராசா ராம்மோகன் ராய், 1820இல் இயேசுவின் அறவுரைகளை மட்டும் தொகுத்து வெளியிட்டு, அவரை இறைவனாகக் கொள்ளாமலே அவர் நெறியை ஏற்கலாம் என்றார். செராம்பூரின் மார்ஷ்மன் மறுத்தெழுதினார், ராய் விடையெழுதினார், சில ஆண்டுகள் அச்சிலேயே அப்போர் நடந்தது. அவரோடு பணியாற்றிய வில்லியம் ஆதாம் என்னும் பாப்திஸ்து மறைப்பணியாளர் ராயின் பக்கமே சாய்ந்துவிட்டது தனிக்கதை. 1986இல், கேரளத்துப் பள்ளியொன்றில் நாட்டுப்பண் பாடாது மரியாதையாக எழுந்து மட்டும் நின்றமைக்காக விலக்கப்பட்ட மூன்று சிறார்க்கு உச்சநீதிமன்றம் நீதி வழங்கியதைப் பலரும் அறிவர். அச்சிறார் யெகோவாவின் சாட்சிகள் என்னும் பிரிவினர். மகன் படைக்கப்பட்டவர் என்று இன்றும் கூறிவரும் பிரிவு அது. 336இல் இறந்த ஏரியஸின் குரல் முற்றிலும் அடங்கிவிடவில்லை என்பதற்கு இதுவும் சான்று.

சென்னைக்கும் இதில் ஒரு பங்குண்டு. இங்கிலாந்து சென்று பணிபுரிந்த தமிழர் ஒருவர் அங்கு ஒருமைக் கிறித்தவர்களின் நூல்களைக் கண்டு, இயேசு இறைவன் அல்லர், இறைவனால் அனுப்பப்பட்டவர் என்ற கருத்தைக் கொண்டு திரும்பினார். வில்லியம் ராபர்ட்ஸ் என்பது அவர் ஏற்ற பெயர். அவரை அனுப்பியவர் எவருமிலர். 1795இல் தாமே ஒரு சபையைத் தொடங்கினார். இலண்டனுக்குக் கடிதங்கள் எழுதி நூல்கள் பெற்றார். தமிழிலேயே வழிபாடு நடத்தினார். புரசைவாக்கத்தில் அவர்தம் வழிபாட்டு இல்லம் எழுந்தது 1813இல். திரித்துவத்தை மறுப்போர் மீதிருந்த தண்டச் சட்டத்தை இங்கிலாந்தின் நாடாளுமன்றம் நீக்கியதும் அதே ஆண்டில்தான்.